மூடி விழுந்த சத்தம்

அண்ணா,

வாயால் உன்னை இதுவரை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் "நீ" என்று எழுதப்போகிறேன். கல்யாணம் கட்டப்போகிற பிள்ளையைப் பெற்றவர்கள் கூப்பிட்டு இருத்தி நாலு புத்தி சொல்வது வழக்கம். நம்முடைய வீட்டில் அதற்கு ஆள் இல்லை. அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. அம்மா போனபோது, முற்றத்துப் பந்தலைக் கழற்றுவதற்கு முன்னமே பெரியம்மா என் தலையில் கை வைத்து, "இனி நீதான் அவனுக்கு அம்மா" என்று சொன்னார். நான் அப்போது பத்தாம் வகுப்பு. உனக்கு மீசை முற்றி, துறைமுகத்தில் சீமெந்து இறக்குகிற இடத்தில் கணக்கெழுதும் வேலையும் கிடைத்திருந்தது. பெரியம்மா சொன்னதை யாரும் பேச்சுக்குச் சொன்னதாக எடுக்கவில்லை. நீயும் எடுக்கவில்லை. அம்மாவின் எட்டாம் நாள் செலவு முடிந்த மறுநாள் காலையில் கசங்கிய சேட்டை என்னிடம் நீட்டி, "அயன் பண்ணித்தா" என்றாய். அம்மா வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. நீயும் பெரியம்மாவும் தந்தீர்கள். அந்த வேலையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். அன்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. எனக்கு உன்மேல் இப்போது அன்பில்லை.

உனக்கு என்னைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: நான் வாய் திறக்கமாட்டேன். அதை நீ சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாய். சாமி அறையில் பந்து எறிந்து அம்மன் படத்தின் கண்ணாடியை உடைத்தது நீ. அம்மா ஓடிவந்து கேட்டபோது என்னைக் காட்டினாய். நான் இல்லையென்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று நினைத்தேன், சொல் வரவில்லை. அடி எனக்கு விழுந்தது. பின்னேரம் நீ ஒரு டொபி கொண்டுவந்து தந்தாய். நான் அதை வாங்கித் தின்றேன். அந்த டொபியோடு நீ படித்த பாடம், இவள் அடி வாங்குவாள், கதைக்கமாட்டாள் என்பது. பள்ளிக்கூடத்திலும் அதுதான் நடந்தது. ரீச்சர் எழுப்பிக் கேட்பார். விடை எனக்குத் தெரியும். வாய் வராது. வகுப்பே சிரிக்கும். அம்மா போன பிறகு, சமைக்க ஆளில்லை என்று நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது நீ மறுப்புச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ சொன்னது இது: "படிச்சு என்ன செய்யப் போறாய். வாயே திறக்கமாட்டாய்." கதவடியில் செருப்பைக் கொளுவிக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடி சொன்னாய். எனக்கு அது இன்றைக்கும் செருப்புச் சத்தத்தோடுதான் கேட்கிறது.

இப்போது சீட்டாட்டத்துக்கு வருகிறேன். நீ சபையில் பெருமையடிக்கிற சீட்டு. வேலை முடிந்து வந்து குளிக்காமல் கதிரையில் விழுந்து, கைபேசியில் போக்கர் விளையாடுவாய். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்து வெங்காயம் உரிப்பேன். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பிடிபட்டது. ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு. நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சீட்டு விரியும், அவை எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு முறையும் நீ காசு போடலாம், மற்றவன் போட்ட அளவைக் கட்டி அவனைப் பார்க்கலாம், அல்லது சீட்டை விட்டுவிட்டுப் பின்வாங்கலாம். போடு, பார், விடு. அவ்வளவுதான் ஆட்டம். உனக்கு அதில் போடவும் பார்க்கவும்தான் தெரியும். முந்நூற்றுநாலு என்கிற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன் நீ. அதில் ஏலம் மாதிரிக் கேள்வி ஏறிக்கொண்டே போகும், விடுகிறவனைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள், எதிரே உன்னைத் தாங்க ஒரு சோடி இருப்பான். அந்தப் பழக்கத்தோடு போக்கருக்கு வந்தாய். சோடி இல்லாத ஆட்டத்தில் சோடியைத் தேடினாய். அதனால்தான் தோற்றுக்கொண்டே இருந்தாய்.

ஒருநாள் உன் கையில் ராணி சோடி. நடுவில் ஒன்பது, ஆறு, இரண்டு, எட்டு. எதிரில் இருந்தவனின் படம் ஒரு மீன். அவன் அதுவரை ஒவ்வொரு முறையும் கனநேரம் யோசித்துத்தான் கட்டினான். கடைசிச் சீட்டு ஆஸ் விழுந்தது. விழுந்த கையோடு, கண் மூடித் திறப்பதற்குள், அவன் பெரிதாகப் போட்டான். நீ முகத்தைச் சுளித்து, "ஆஸ் வச்சிருக்கிறான்" என்று, உன் வழக்கத்துக்கு மாறாக, விடப்போனாய். என் வாயிலிருந்து, எனக்கே தெரியாமல், "பொய் அண்ணா, பாருங்கோ" என்று வந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். வெங்காயம் கதைத்த மாதிரிப் பார்த்தாய். பிறகு கட்டினாய். அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டாய். உண்மையாகவே ஆஸ் வைத்திருப்பவனுக்கு அது விழுந்ததும் ஒரு வேலை வரும். எவ்வளவு கேட்டால் நீ ஓடாமல் தருவாய் என்று அவன் யோசிக்க வேண்டும். இவன் யோசிக்கவில்லை. சீட்டு விழும் முன்னமே, பயங்காட்டுகிற மாதிரி எது விழுந்தாலும் போடுவது என்று முடிவெடுத்து வைத்திருந்திருக்கிறான். முகம் தெரியாத ஆட்டத்தில் ஆட்களின் மௌனம் மட்டும்தான் தெரியும். மௌனத்தின் நீளம் எனக்கு விளங்கும். நான் அதற்குள்ளேயே குடியிருக்கிறவள்.

அதற்குப் பிறகு காசு உன்னுடையது, தீர்மானம் என்னுடையது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தெரியாத ஊர்களில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் நான் சொன்ன ஒரு சொல்லால் பின்வாங்கினார்கள். யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. பிறகு நீ உன் கூட்டாளிமாரைக் கூட்டிவரத் தொடங்கினாய். அவர்கள் படி ஏறின சத்தம் கேட்டதும் நான் குசினிக்குள் ஓடினேன். நீ தனியே ஆடித் தோற்றாய். அன்றைக்குப் பின்னேரம் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். முந்நூற்றுநாலில் சோடிகள் மூக்கைச் சொறிந்து, காதைத் தொட்டுக் கள்ளச் சைகை காட்டுவார்கள் அல்லவா, அது மாதிரி. நீ முன்னறையில் இருந்து சத்தமாக யோசிப்பது போலச் சீட்டைச் சொல்லுவாய். நான் குசினியிலிருந்து விடை சொல்வேன். தேங்காய் திருவுகிற சத்தம் வந்தால் போடு. கரண்டியால் சட்டியில் தட்டினால் பார். பைப்பைத் திறந்து தண்ணீர் விட்டால் விடு. பெரிய அலுமினிய மூடி நிலத்தில் விழுந்தால் இருக்கிறதெல்லாவற்றையும் வை. நல்ல ஏற்பாடு. ஒரு பெட்டை குசினிக்குள் சத்தம் போடுவதை இந்த ஊரில் எவன் காது கொடுத்துக் கேட்கப்போகிறான்.

உன் கூட்டாளி ரூபன் ஒருநாள் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது. "மச்சான், உன்ர மூளையை அடகு வச்சாலே ஒரு மீன்பிடி போட் வாங்கலாமடா." நீ சிரித்தாய். "அது பிறவியில வாறது மச்சான். சனத்தைப் படிக்கத் தெரியோணும்." பிறகு குரலை உயர்த்தி, "தங்கச்சி, தேத்தண்ணி கொண்டாவன்" என்றாய். நான் கதவடியில் தட்டை நீட்டினேன். ரூபன் அதை வாங்கிக்கொண்டு, "உன்ர தங்கச்சி ஊமையோ மச்சான்?" என்று கேட்டான். நீ, "இல்லையடா, அவளுக்கு ஒண்டும் விளங்காது, பாவம்" என்றாய். அன்றைக்குத் தண்ணீர்ப் பைப்பைத் திறக்க வேண்டிய ஒரு சீட்டுக்கு நான் வேண்டுமென்றே தேங்காய் திருவினேன். கொஞ்சம் தோற்றாய். தேங்காய் மிச்சமானது. மறுநாள் சம்பல் போட்டேன், நீ ருசியாகத்தான் சாப்பிட்டாய்.

இந்த ஆட்டத்தில் நான் தெரிந்துகொண்டவற்றை உனக்குப் பலமுறை சொன்னேன். நீ விடையை மட்டும் கேட்டாய், காரணத்தைக் கேட்கவில்லை. கல்யாணப் பரிசாக இப்போது திரும்பவும் சொல்கிறேன். காசு போடுமுன் உன்னையே கேள்: உன்னிலும் குறைந்த சீட்டு வைத்திருக்கிற எவன் இதைக் கட்டுவான்? அப்படி ஒருவனும் இல்லையென்றால், உன்னிலும் கூடியவனுக்குத்தான் நீ காசு நீட்டுகிறாய். கட்டிப் பார்க்கிறபோது கோபத்தில் பார்க்காதே. அவன் முதற் சீட்டிலிருந்து சொல்லிவந்த கதை பொருந்துகிறதா என்று பார். பொருந்தினால் நம்பி விலகு. வெட்கமில்லை. பொய்யாகப் போடுவதானால் அந்தப் பொய்யை முதற் சீட்டிலேயே தொடங்க வேண்டும், கடைசிச் சீட்டில் பிறந்த பொய்க்குத் தாய் தகப்பன் இருக்காது. எல்லாவற்றிலும் பெரியது, விடத் தெரிந்தவனிடம் மட்டும் பொய்யாகப் போடு. இழக்கப் பயப்படுகிறவன்தான் விடுவான். இதில் கடைசி ஒன்றை மட்டும் நீ நன்றாகப் படித்திருக்கிறாய். ஆனால் அதை நீ ஆடியது நான் நினைத்த இடத்தில் இல்லை.

நீ கட்டப்போகிற தட்சாயினி வந்த பின்னேரத்துக்கு வருகிறேன். திரியாயிலிருந்து அவளும் தகப்பனும் மண்டபம் பற்றிக் கதைக்கப் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, அவள் ஒரு பை நிறையக் கச்சான் கடலையோடு ஒழுங்கையைக் கடந்து நம்முடைய வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் நீயும் ரூபனும் இன்னும் இரண்டு பேரும். ஆம்பிளைகளைக் கண்டதும் அவள் பின்பக்கத்தால் குசினிக்கு வந்தாள். "மச்சாள், என்ன செய்யிறியள்? தள்ளுங்கோ, நான் கழுவுறன்" என்று பைப்படியில் என்னோடு இடித்துக்கொண்டு நின்றாள். வந்து கொஞ்ச நேரத்தில் என்னை மச்சாள் என்று கூப்பிட்டு, கையிலிருந்த சட்டியைப் பறிக்க இந்த வீட்டில் வேறு யாரும் வந்ததில்லை. முன்னறையில் நீ அன்றைக்குப் பெரிய ஆட்டம் ஒன்றில் இருந்தாய். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்ததை, தாலிக்குப் பொன்னுருக்க வைத்ததையும் சேர்த்து, அந்தக் கணக்குக்குள் போட்டுவிட்டாய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நீ சத்தமாக யோசிக்கத் தொடங்கினாய். நடுவில் இரண்டு பத்து, ஒரு நாலு, ஒரு ஏழு, ஒரு இரண்டு. உன் கையில் ஆஸும் ஜாக்கும், அதாவது ஒன்றுமில்லை. எதிரில் பச்சைத் தொப்பிப் படம் போட்ட ஒருவன். அவன் ஒவ்வொரு சுற்றும் நிதானமாகக் கட்டி வந்தவன். கடைசியில் மிகவும் சின்னதாகப் போட்டிருந்தான். "சின்னனாப் போடுறான்... பயந்திட்டான் போல" என்று நீ சொன்னது கேட்டது. எனக்கு உடனே விளங்கியது. அது பயமில்லை. தூண்டில். நீ ஏற்றவேண்டும் என்று காத்திருக்கிறான். விடு என்று சொல்ல, அவள் கழுவி முடித்துப் பூட்டிய பைப்புக்கு என் கை போனது. அந்த நேரம் தட்சாயினி, கழுவிய பெரிய மூடியை வைக்க இடமில்லாமல், சுவரோடு சாய்த்து நிலத்தில் வைத்தாள். அது வழுக்கிச் சீமெந்தில் விழுந்து, சுற்றிச் சுற்றி அடங்கியது. "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்" என்று அவள் நாக்கைக் கடித்தாள். முன்னறையில் நீ, "வச்சிட்டன்டா, எல்லாத்தையும்" என்றாய். ரூபன் கைதட்டினான். பச்சைத் தொப்பி ஒரு கணமும் எடுக்காமல் கட்டினான். அவன் கையில் இரண்டு நாலு இருந்தது, நடுவில் கிடந்ததோடு சேர்த்து, மூன்று நாலும் இரண்டு பத்தும்.

நீ குசினிக்குள் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. அவள் கையில் அந்த மூடி இருந்தது, துடைத்துக்கொண்டிருந்தாள். நீ மூடியைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். முழுவதும் உனக்கு விளங்கிவிட்டது. அவளைப் பார்த்துச் சிரித்து, "கச்சான் கொண்டந்தனீரோ?" என்று கேட்டாய். அவள் போன பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாய், "வாய் திறக்காதை." சொல்லத் தேவையில்லாததைச் சொன்னாய். நான் எப்போது திறந்தேன்.

அந்த அளவோடு விட்டிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். காசு போனது, கல்யாணத்தைக் கொஞ்சம் சின்னதாகச் செய்திருக்கலாம். நீ பெரியம்மாவிடம் போனாய். நானும் பின்னால் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தேன், அதனால் வாசலில் நின்று கேட்டேன். "ஒன்லைன் வியாபாரத்தில போட்டனான் பெரியம்மா. நல்லாத்தான் ஓடினது. அவள் வந்து படி ஏறின நேரம், எல்லாம் ஒரேயடியாப் போயிட்டுது. நான் என்ன சொல்ல." இவ்வளவுதான் சொன்னாய். மிச்சத்தைப் பெரியம்மா தானாகவே சொல்லிக்கொள்வார் என்று உனக்குத் தெரியும். "கால் வச்ச ராசி" என்றார். "அப்பவே நான் யோசிச்சனான், செவ்வாய்க்கிழமை வந்ததுகள்" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "பாவம் பெரியம்மா, அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றாய். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அண்ணா, உன் மேல் இருந்த கடைசி மரியாதையும் போனது.

பெரியம்மா தட்சாயினியின் தகப்பனைக் கூப்பிட்டுக் கதைத்தார். பொருத்தத்தை விட மனமில்லையாம், ஆனால் வந்த குறை நிரவவேண்டுமாம், சீதனமாகச் சொன்ன வயலோடு மற்ற வயலையும் எழுதினால் எல்லாம் சரியாகுமாம். மற்ற வயல் தட்சாயினியின் தங்கச்சிக்கென்று வைத்தது. அந்த மனிசன் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை என்று பெரியம்மா பெருமையாகச் சொன்னார். எப்படிச் சொல்வார்? இரண்டு பெட்டைகள். ராசியில்லாதவள் என்ற கதை திரியாயில் ஒருநாள் இருந்தால் போதும், மூத்தவளுக்கும் ஒட்டும், இளையவளுக்கும் ஒட்டும். இழக்கப் பயப்படுகிறவன் விடுவான். உன் வாழ்க்கையில் நீ சரியான ஆளிடம், சரியான நேரத்தில், முதற் சீட்டிலிருந்து பொருத்தமாகச் சொன்ன பொய் இது ஒன்றுதான். என்னிடம் கேட்காமல் நீயே ஆடிய ஒரே ஒரு நல்ல ஆட்டம். அதை ஒரு கமக்காரனுக்கு எதிராக ஆடினாய். மேசையில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டாய்.

போன வெள்ளிக்கிழமை தட்சாயினி எனக்குப் போன் எடுத்தாள். "சல்லிக் கோயிலுக்கு வாறன் மச்சாள், ஒரு நேர்த்தி. நீங்களும் வாறியளே?" நான் சைக்கிளில் போனேன். பூசை முடிந்து பின்பக்கம் கடலடியில் இருந்தோம். கருவாடு காயப்போட்டிருந்த பாயில் காகங்கள். அவள் தலை குனிந்து, செருப்பில்லாத காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு சொன்னாள்: "நான் இனி உங்கட வீட்டுப் படி ஏறுறதெண்டால் பயமாக் கிடக்கு மச்சாள். என்னாலதான் எல்லாம் போனதெண்டு அப்பாவுக்கும் மனசுக்குள்ள இருக்கு. சோறு தின்னுறாரில்லை. தங்கச்சியின்ர வயல் அது." பிறகு, "நீங்கள் அண்டைக்குப் பக்கத்தில நிண்டனீங்கள். நான் ஏதும் பிழையாச் செய்தனானோ?" என்று கேட்டாள். கேள்வி. எழுந்து நின்று விடை சொல்லவேண்டிய கேள்வி. பள்ளிக்கூடத்தில் போலவே எனக்கு வாய் வரவில்லை. அவள் காத்திருந்தாள். சிரிக்கவில்லை. பிரசாதம் கொண்டுவந்த சில்வர்ப் பெட்டியை அவள் மடியிலிருந்து எடுத்தேன். விரலால் தட்டிக் காட்டினேன். "இது, பார்." நகத்தால் கீறிக் காட்டினேன். "இது, போடு." மூடியைக் கழற்றிப் படிக்கல்லில் விட்டேன். அது சத்தமிட்டு உருண்டது. "இது, எல்லாத்தையும் வை."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அவள் கேட்க, நான் ஓம், இல்லை என்று சொல்லச் சொல்ல, சொற்கள் தாமாக வரத் தொடங்கின. அவ்வளவும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே நேரத்தில் நான் அவ்வளவு கதைத்தது கிடையாது. கேட்டு முடித்ததும் அவள் செய்த முதல் வேலை சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நான்தான் அவருக்கு எல்லாத்தையும் வை எண்டு சொன்னனானோ? சட்டி மூடியாலயோ?" காகங்கள் எழும்பிப் பறந்தன. பிறகு சிரிப்பு நின்றது. அது நின்ற விதம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அவருக்கு இது தெரியுமோ? அண்டைக்கே தெரியுமோ?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். கனநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த நேரத்தை அளந்தேன். உடனே போட்டவள் இல்லை அவள்.

அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருவம், வயல் எழுதுறதைப் பற்றிக் கதைக்க. நான் முதல் வாய் திறக்கமாட்டன். அவர் சொல்லட்டும், பெரியம்மாவுக்கும் அப்பாவுக்கும் முன்னால. சொன்னாரெண்டால், கட்டுறதோ விடுறதோ எண்டு பிறகு யோசிப்பன். சொல்லாட்டி நான் சொல்லுவன், அதோட முடிஞ்சுது." எழும்பிச் சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "எனக்குத் தெரியுமெண்டதை அவரிட்டச் சொல்லிப்போடுங்கோ மச்சாள். ஒளிச்சு வச்சு விளையாட எனக்குச் சரிவராது" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். இதை நான் ஒட்டவும் இல்லை, மடிக்கவும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டுக்கு வருகிற யாரும் வாசிக்கலாம். பெரியம்மா மூக்குக்கண்ணாடியோடு வந்தால் அவரும் வாசிக்கலாம். உன் கெட்டித்தனத்தைப் பார்க்க ரூபன் வந்தால் அவனும் வாசிக்கட்டும்.

நீ இதை வாசித்து முடித்ததும் என்ன யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். தங்கச்சிக்கு விசர், பைத்தியம் என்று சொல்லலாம் என்று யோசிப்பாய். தட்சாயினி பழிவாங்கக் கதை கட்டுகிறாள் என்று சொல்லலாம். சபையில் கேட்டால் இவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், கண்ணாடி உடைந்த அன்று நின்ற மாதிரி. இதுவரைக்கும் உன் கணக்குப் பிழையில்லை. ஆனால் உனக்கு நான் சொல்லித் தந்ததை நினைத்துப் பார். எதிராளி இழக்கப் பயப்பட வேண்டும். எனக்கு இழக்க இங்கே என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் போய்விட்டது. உன் பாசம் டொபியளவுதான் இருந்தது. உன் சேட்டை அயன் பண்ணுகிற வேலை போனால் நான் அழப்போவதில்லை. அவளுக்கும் இனி இழக்க ஒன்றுமில்லை. ராசியில்லாதவள் என்ற பேரை நீ ஏற்கெனவே கொடுத்துவிட்டாய். நீ பொய்யாகப் போடப்போவது, விடமுடியாத இரண்டு பேருக்கு எதிராக. இப்படி ஒரு சீட்டு வந்தால் நான் எதைத் திறப்பேன் என்று உனக்குத் தெரியும். பைப்பை. விட்டுவிடு என்பேன். எழும்பி நின்று, "அவள் இல்லை, நான்தான் தோற்றனான், வயல் வேண்டாம்" என்று சொல். விடுகிறவனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வது முந்நூற்றுநாலில். அதற்குப் பிறகு அவள் உன்னைக் கட்டுவாளா என்பதை நான் கேட்கமாட்டேன். கட்டக்கூடாது என்பதுதான் என் எண்ணம். அவளிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னிலும் பொறுமையானவள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து இருந்ததும் நீ சத்தமாகக் கதைக்கத் தொடங்குவாய், வழக்கம் போல. கதைத்துக்கொண்டே குசினிப் பக்கம் காதைத் திருப்புவாய். அது உன்னை அறியாமல் வருகிற பழக்கம். அங்கே ஒரு சத்தமும் வராது. தண்ணீரும் ஓடாது, தேங்காயும் திருவப்படாது. நான் முன்னறையில் இருப்பேன். அவளுக்குப் பக்கத்துக் கதிரையில், எல்லாருக்கும் முன்னால். என் மடியில் அந்தப் பெரிய மூடி இருக்கும். ஏன் அதை வைத்திருக்கிறாய் என்று பெரியம்மா கேட்பார். நான் விடை சொல்லமாட்டேன், எனக்கு உடனே வராது. நீ உண்மையைச் சொன்னால் அது என் மடியிலேயே கிடக்கும். பொய்யின் முதற் சொல்லை எடுத்தாயென்றால் அதைக் கீழே விடுவேன். சுற்றிச் சுற்றி அது அடங்கும் வரைக்கும் உனக்கு நேரம் இருக்கும். அதன் கருத்து என்னவென்று நீ சொல்லாவிட்டால் அவள் சொல்வாள்.

அன்றைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் போட ஆள் தேவைப்படும். நீ போடு. குசினி எங்கே இருக்கிறதென்று உனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை காலமும் உன் காது அங்கேதான் இருந்தது.

தங்கச்சி